சர்வீஸ் செய்து முடித்ததும் ஐட்லிங்கில் உதறும் கார்: எங்கே தேடுவது, எதை விட்டுவிடுவது

காலையில் நீங்களே பிளக் மாற்றி, த்ராட்டில் பாடியைத் துடைத்து, பேட்டரி டெர்மினலைச் சுரண்டி மாட்டியிருக்கிறீர்கள். மாலையில் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை உதறுகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜினில் ஒரே நாளில் ரிங் தேய்வதும் இல்லை, வால்வு எரிவதும் இல்லை. கடைசியாகக் கை வைத்த இடத்தில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். புதுக் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது), புது இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) என்று கடைக்கு ஓடுவதற்கு முன், இன்று எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேறொன்றைக் கழற்றுவதற்காக வழியில் ஒதுக்கிய ஹோஸ், எடுத்துவிட்ட கனெக்டர் எல்லாமே அந்தத் தாளில் வர வேண்டும். தேட வேண்டிய இடங்கள் அவைதான்.

இங்கே சொல்வது பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களுக்கு. டீசலில் ஃபில்டர் மாற்றிய பின் உதறினால் பெரும்பாலும் லைனில் காற்று. ஹேண்ட் பிரைமரை அது கெட்டியாகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால் பாதிக் கதை முடிந்துவிடும்.

வேகத்தில் நன்றாக ஓடுகிற வண்டி நிற்கும்போது மட்டும் உதறுவது ஏன்? ஐட்லிங்கில், த்ராட்டில் பாடிக்குள் காற்றை விடும் தகடான பட்டர்ஃபிளை மயிரிழை அளவே திறந்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால், சூடான இன்ஜினின் மேனிஃபோல்டுக்குள் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய்) 30, 35 அளவில்தான் இருக்கும். உள்ளே அவ்வளவு உறிஞ்சல். அப்போது 3 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால்கூட, மொத்தக் காற்றில் அதன் பங்கு பெரிது. 3,000 ஆர்பிஎம்மில் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காததும் ஐட்லிங்கில்தான் நன்றாகத் தெரியும். தடுமாறும் ஒரு சிலிண்டரை இழுத்துப் போக ஃப்ளைவீலில் அப்போது வேகம் இருக்காது.

பானெட்டைத் திறக்கும் முன் உதறலைக் கேளுங்கள்

இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்து, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சூடான ஐட்லிங் 650 முதல் 850க்குள் நிற்கும். குளிர்ந்த இன்ஜினில் 1,200க்கு மேல் போவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தாளம் தப்பாமல் ஒரே சீராக உதைத்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மெக்கானிக் ‘மிஸ்ஸிங்’ என்பது இதைத்தான். நாலு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஆறேழு முறை வெடிக்கிறது. அதில் ஒன்று செத்தால் அந்த இடைவெளியில்தான் குலுங்கும். சைலன்சர் முனையில் கையை ஓரடி தள்ளி வைத்துப் பாருங்கள், புகை விட்டுவிட்டு அடிக்கும்.

முள் 900க்கும் 1,500க்கும் இடையே ஊஞ்சல் ஆடினால் அது ஸ்பார்க் கோளாறு அல்ல. காற்று கணக்கில்லாமல் உள்ளே போகிறது. ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பட்டர்ஃபிளையை முழுக்க மூடிப் பார்க்கிறது, அப்படியும் ஆர்பிஎம் இறங்கவில்லை. உடனே பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுகிறது. மறுபடி பெட்ரோல் விடுகிறது. ஊஞ்சல் அதுதான்.

முள் 500க்குத் தாழ்ந்து, ஏசி போட்டால் ஆஃப் ஆனால், பேட்டரி கழற்றியதில் ஈசியு கற்று வைத்திருந்ததை மறந்திருக்கலாம். முள் அசையவே இல்லை, பாடி மட்டும் நடுங்குகிறது என்றால் இன்ஜின் மவுண்ட்டையும், திரும்ப மாட்டும்போது பாடியில் உரசுகிற மாதிரி வைத்துவிட்ட ஏர் ஃபில்டர் பாக்ஸையும் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டிக்கு இயல்பாகவே கொஞ்சம் நடுக்கம் உண்டு. புதிதாக வந்ததா, இன்றுதான் கவனித்தீர்களா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

செக் இன்ஜின் லைட் மினுக்கினால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது. அது உள்ளே எரிந்து உருகினால் செலவு பிளக்கின் விலையில் நிற்காது.

பிளக் மாற்றியிருந்தால்

இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, காயிலைக் கழற்றுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர். ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அமுக்கியிருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் லாக் உடைந்திருந்தால் மாட்டின மாதிரித் தெரியும், ஆனால் பின் தொட்டும் தொடாமலும் நிற்கும். அடுத்து காயிலின் ரப்பர் குழாய்க்குள் ஸ்பிரிங் இருக்கிறதா? கழற்றும்போது சில சமயம் அது நழுவிக் குழிக்குள்ளேயோ பழைய பிளக்கின் தலையிலேயோ தங்கிவிடும். அந்தப் பழைய பிளக் குப்பைக்கூடைக்குப் போயிருந்தால், ஸ்பிரிங்கும் அங்கேதான் இருக்கும்.

பிறகு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி, அறுகோண இரும்பிலிருந்து மேல்முனை வரை ஒரு கறுப்பு இழை ஓடினால், ஸ்பார்க் கீழே சிலிண்டருக்குப் போகாமல் வெளியிலேயே வழிந்திருக்கிறது. காயில் ரப்பரின் உட்புறத்திலும் அதற்கு நேராக ஒரு கோடு இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுக் கோடு விழுந்த பழைய ரப்பரை அதன் மேலேயே மாட்டுவார்கள், இரண்டு நாளில் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும். இரண்டையும் மாற்ற வேண்டும். சாக்கெட்டைச் சாய்த்துத் திருகினால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பிளக் ஒருமுறை தரையில் விழுந்திருந்தால் இடைவெளி மூடியிருக்கலாம். பெரும்பாலான கார்களில் இடைவெளி 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் வரும், சரியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இரிடியம் பிளக்கை நாணயம் போன்ற கேஜால் நெம்பாதீர்கள், நடு ஊசி ஒடிந்துவிடும். கம்பி வடிவ கேஜை நுழைத்து அளக்க மட்டும் செய்யுங்கள்.

டைட் எவ்வளவு? அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், விரலால் முழுக்கத் திருகி உட்கார வைத்தபின் புதிய 14 மி.மீ. பிளக்குக்கு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. கழற்றிய பிளக்கையே திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். கடிகார முள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரும் அளவு போதும். லூஸாக விட்டால் கம்ப்ரஷன் கசிந்து ‘புஸ் புஸ்’ என்று கேட்கும், பிளக்கும் சூடு தாங்காது. அளவுக்கு மேல் இறுக்கினால் த்ரெட் போகும். த்ரெட்டில் கிரீஸோ ஆன்டி-சீஸோ தடவினால் அதே டார்க்கில் அதிகமாக இறுகிவிடும்; பிளக்கைச் செய்பவர்களே அதை வேண்டாம் என்கிறார்கள்.

பிளக் குழியில் தண்ணீரோ ஆயிலோ நிற்கிறதா? பானெட்டுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் மிஸ்ஸிங் வந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் குழியில்தான் இருக்கும். காற்றடித்தோ, ஸ்குரூடிரைவரில் துணி சுற்றியோ உறிஞ்சி எடுங்கள். ஆயில் என்றால் ராக்கர் கவர் (இன்ஜினின் மேல்மூடி) கேஸ்கெட்டோ குழி சீலோ போயிருக்கிறது. அது உங்கள் தவறு அல்ல, பழைய கசிவு இப்போது கண்ணில் பட்டிருக்கிறது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஓபிடி ஸ்கேனர் (காரில் செருகிக் கோளாறு எண்ணை, அதாவது கோட்டைப் படிக்கும் கருவி) இருந்தால் எளிது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நாலாவது. பி0300 என்றால் எது என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி. பி0301 வந்தால் முதல் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை முதலிலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0303 ஆகிவிட்டால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அதுவும் நகராவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். காசு செலவில்லாமல் பதில் கிடைக்கும்.

ஸ்கேனர் இல்லையென்றால் இன்ஜினை அணைத்து ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து சில நொடி கேட்டு, அணைத்துத் திரும்ப மாட்டி, அடுத்ததற்குப் போங்கள். எதை எடுத்தால் உதறலில் மாற்றமே இல்லையோ அதுதான் ஏற்கெனவே செத்த சிலிண்டர். காயில் கனெக்டரை எடுப்பதைவிட இது நல்லது, பெட்ரோலும் சேர்ந்து நின்றுவிடும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்; பல்லாயிரம் வோல்ட் உங்கள் கை வழியாகப் போகும், ஈசியுவும் அடிவாங்கலாம். பழைய வகை வயர் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல், வயர்கள் இடம் மாறுவது. நாலு சிலிண்டரில் வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. கழற்றும் முன் டேப் ஒட்டி எண் எழுதியிருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது.

த்ராட்டில் பாடியைத் துடைத்திருந்தால்

இங்கே பாதிப்பேர் கோளாறே இல்லாத இடத்தில் கோளாறு தேடுகிறார்கள். கரி படிந்த விளிம்பில் காற்று குறைவாகப் போனதால், ஈசியு நாளடைவில் பட்டர்ஃபிளையைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டது. நீங்கள் கரியைத் துடைத்துவிட்டீர்கள். பழைய கணக்கிலேயே அது திறந்தால் காற்று அதிகம் போகும், ஐட்லிங் 1,200, 1,500 என்று நிற்கும் அல்லது ஊசலாடும். மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும். துடைத்தபின் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் புகையும் இடறலும் வருவது மேனிஃபோல்டுக்குள் வழிந்த கிளீனர் எரிவதால்.

கற்றுக்கொடுக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துகிற வழி இது: ஏசி, லைட், ஃபேன் எல்லாம் அணைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சாவியை ஆனில் வைத்துப் பத்து நொடி காத்திருங்கள். அணைத்து, மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். காலை மிதியில் வைக்காமல், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். அதன்பின் சிக்னலும் நேர்ச்சாலையும் கலந்து 15, 20 கிலோமீட்டர் ஓட்டினால் ஐட்லிங் படிய வேண்டும். நிசானில் மிதியை எண்ணி அமுக்கும் தனி முறை உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் ஸ்கேனர் வழியாக த்ராட்டில் அடாப்டேஷன் செய்வதே சரி. இந்த இடைவேளையில் ஸ்கேனரில் கோட் எண்ணை மீண்டும் மீண்டும் அழிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கற்றதையும் சேர்த்து அழிக்கிறீர்கள்.

கற்றும் படியவில்லையா? த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் சீலைப் பாருங்கள். பள்ளத்தில் முழுக்க உட்காராமல் ஒரு ஓரம் மடிந்து நசுங்கியிருந்தால் காற்று அங்கேதான் நுழைகிறது. நாலு போல்ட்டையும் குறுக்கு நெடுக்காக, சமமாக டைட் செய்யுங்கள். மின் த்ராட்டிலில் சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளித் துடைத்திருந்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் பாதிக்கப்பட்டிருக்கலாம். பழைய கேபிள் வகையில் பட்டர்ஃபிளை நிறுத்தும் ஸ்குரூவைத் திருப்பி ஐட்லிங் வைத்தவர்கள், திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். அங்கே ஐட்லிங்கைக் கவனிப்பது தனியாக உள்ள ஐட்லிங் வால்வு. கரி எடுக்க வேண்டியது அதில்.

காற்றுக் கசிவைத் தேடுவது

உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள குழாயில் சென்சார் இருந்து அதில் ஐந்தாறு வயர் வந்தால் பெரும்பாலும் மாஃப் (உள்ளே போகும் காற்றை அளப்பது). மேனிஃபோல்டின் மேலேயே சின்னதாகத் திருகியிருந்தால் மேப் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது). மாஃப் வண்டியில் குழாய் கிழிந்தாலே உதறும், ஏனென்றால் அளக்காத காற்று உள்ளே போய், அதற்குப் பெட்ரோல் போதாது. ஏர் ஃபில்டருக்குப் பிறகு கிளாம்ப் லூஸ், ஆயில் மூடி சரியாக மூடாதது, டிப்ஸ்டிக் தூக்கி நிற்பது எல்லாம் அதில் பிரச்சினையாகும். மேப் வண்டிக்குத் த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள கசிவு ஐட்லிங்கைப் பாதிக்காது, தூசிதான் உள்ளே போகும். த்ராட்டிலுக்குப் பின்னால் கசிந்தால் ஆர்பிஎம் ஏறும்.

ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) பாருங்கள். ஷார்ட் டெர்மும் லாங் டெர்மும் கூட்டி, ஐட்லிங்கில் +15க்கு மேலே இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் 5க்குள் இறங்கினால் காற்றுக் கசிவு. இரண்டிலும் உயரமாகவே இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது மாஃப் அழுக்கு. மேப் வண்டியில் கசிவு இருந்தும் டிரிம் நல்லபடியாகக் காட்டலாம். அங்கே மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள், 30களில் இருக்க வேண்டியது 45, 50 என்று நிற்கும். இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வடிவமைக்காத பழைய வண்டியில் டிரிம் சில சதவீதம் கூடுதலாகத் தெரிவது எத்தனாலால். அதைக் கசிவு என்று துரத்த வேண்டாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க, இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிப்போமே, அந்தப் பாட்டில் போதும். ஹோஸ் இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தெளியுங்கள், காயில் பக்கமும் கனெக்டர் பக்கமும் போகாமல். ஓட்டையைத் தண்ணீர் அடைக்கும் நொடியில் ஐட்லிங் மாறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. புகை போகும் சூடான மேனிஃபோல்டு பக்கத்தில் அது தீப்பிடிக்கும் பொருள், வேண்டாம். வேஷ்டி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

கண்ணால் மட்டும் பார்த்தால் தப்பிவிடும் இடம் ஒன்று உண்டு: ராக்கர் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஆயில் ஆவியைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் வளைவு. மேலே பளபளப்பாக இருக்கும். விரலை அடிப்பக்கம் விட்டுத் தடவினால் வெடிப்பு நகத்தில் தட்டும். வருடக்கணக்கில் ஆயில் ஆவியில் இறுகிப்போன ரப்பர் அது, பிளக் மாற்ற ஒதுக்கும்போது மடிந்து விரிசல் விடுகிறது. டேப் சுற்றினால் நிற்காது, ஹோஸையே மாற்றுங்கள். பர்ஜ் வால்வுக்கு (பெட்ரோல் டாங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடுவது) போகும் மெல்லிய ஹோஸை மூக்கு பிளையரில் துணி சுற்றி மெல்ல அமுக்கிப் பாருங்கள். ஐட்லிங் சரியானால் வால்வு திறந்தே நிற்கிறது.

மற்ற வேலைகள், சுருக்கமாக

பேட்டரியை மட்டும் கழற்றி மாட்டியிருந்தால் மேலே சொன்ன கற்றல் போதும். டெர்மினல் கையால் அசைந்தால் 10 மி.மீ. ஸ்பேனரில் டைட் செய்யுங்கள், ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். ஆயில் மாற்றியிருந்தால் சமதளத்தில் பத்து நிமிடம் நிறுத்தி அளவு பாருங்கள், மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிடுங்கள். கூலண்ட் மாற்றியிருந்தால் உள்ளே காற்று அடைத்து, டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரைத் தொடாமல் தப்பான எண் காட்டும். ஈசியு இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து அதிகப் பெட்ரோல் விடும். துவைத்து ஆயில் தடவும் ஏர் ஃபில்டரில் ஆயில் கூடிவிட்டால் மாஃப் கம்பியில் படியும். அதற்கென்று விற்கும் மாஃப் கிளீனரைத் தவிர வேறெதையும் அடிக்காதீர்கள், துணியால் தொடாதீர்கள். இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மூன்று நாலு முறை ஆன் செய்து ஓ-ரிங் பக்கம் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சிஎன்ஜி கிட் உள்ளவர்களுக்கு ஒரு சௌகரியம்: பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றிப் பார்க்கலாம். கேஸில் மட்டும் உதறினால் முதலில் பிளக் இடைவெளி, பிறகு கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் பலவீனமான ஸ்பார்க் அங்கே முதலில் தெரியும். பெட்ரோலில் மட்டும் உதறினால் பெட்ரோல் இன்ஜெக்டர். இரண்டிலும் என்றால் பிளக், காயில், காற்றுக் கசிவு.

இதெல்லாம் பார்த்தும் ஒரே சிலிண்டர் செத்துக் கிடந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேலை இன்ஜினுக்குள். டைமிங் பெல்ட்டையோ செயினையோ தொட்டபின் வந்த உதறல் என்றால் ஸ்டார்ட் செய்வதையே நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். ஒரு பல் தள்ளிப்போனால் உதறல், இன்னும் தள்ளினால் வால்வும் பிஸ்டனும் மோதும். மெக்கானிக்கிடம் போகும்போது முதலில் எழுதிய தாளையும், அழிக்காத கோட் எண்ணையும், கழற்றிய பழைய பிளக்குகளை எந்தச் சிலிண்டர் என்று எண் எழுதியும் கொண்டுபோங்கள்.